சூடேறாத பேஸ்

தாவீதுக்குக் காலையிலிருந்தே வயிறு எரிந்தது. ஒரகடம் சாலையில் ஒரு ஸ்பிரிங் தொழிற்சாலை, ஆயுத பூஜைக் கச்சேரி. எட்டு வருஷமாக அந்த மெல்லிசைக் குழுவில் அடிநாதம் தரும் பேஸ் கிதார் வாசித்தவன், இன்றைக்கு அதை உறையிலிருந்தே எடுக்கக்கூடாதாம்.

எல்லாம் கீபோர்டு சிவசங்கர் வாங்கி வந்த பெட்டியால். பழைய அனலாக் பேஸ் சிந்தசைசர். கீபோர்டிலிருந்து அதற்கு ஒரு மிடி ஒயர் போகும். சிவசங்கர் இடது கையால் எதை அழுத்துகிறானோ அதை அது அடித்தொண்டையில் உறுமும். அப்புறம் பேஸ் வாசிக்க ஆள் எதற்கு?

"இன்னிக்கு ஒரு கச்சேரி பாக்கலாம். பொட்டி நல்லா பேசிச்சின்னா நீ வேற எடம் பாத்துக்க" என்றார் குழுவை நடத்தும் வரதராஜுலு. மனுஷனுக்குக் கூச்சநாச்சமே கிடையாது. தாவீதுக்காகச் சண்டை போட்டது பாடகி ஜெயம் ஒருத்திதான்.

அந்தப் பெட்டிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சுவிட்சைப் போட்டு அரை மணி நேரம், சூடேறும்வரை, சுருதி இறங்கிக்கொண்டே போகும். ஒத்திகை நாட்களில் சிவசங்கர் அதைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவான், வந்துதான் சுருதி சேர்ப்பான். அதனால் அவனுக்கு அது தெரியாது. அவன் இல்லாத நேரத்தில் திருட்டுத்தனமாக அழுத்திப் பார்த்த தாவீதுக்குத் தெரியும்.

அன்று மெயின் சுவிட்ச்போர்டை அணைத்து, அதற்கும் சந்தனம், குங்குமம், மாலை. பூஜை முடிந்து பூசணிக்காய் உடைக்கும்வரை எவனும் அதைத் தொடக்கூடாது. மேனேஜரோ இரண்டு மணி நேரம் தாமதம். பூசணிக்காய் உடைந்து கரண்ட் வந்ததும், சிவசங்கர் அவசர அவசரமாகச் சுருதி சேர்த்து ஆரம்பித்தான். தாவீது வாயைத் திறக்கவில்லை. படட்டும் நாய் என்று நினைத்தான், நினைக்க இனிப்பாக இருந்தது.

இரண்டாவது பாட்டில் பேஸ் சுருதியிலிருந்து நழுவியது. ஜெயம் சரியாகத்தான் பாடினாள். ஆனால் கூட்டத்தில் யாருக்குப் பேஸ் கேட்கிறது? பாடுகிறவள்தான் தப்பாகத் தெரிந்தாள்.

"யக்கா, சுதி எங்க கீது, தேடிக்கினு வா" என்று ஒருவன் கத்த, ஷெட்டே சிரித்தது. அவள் பேஸோடு சேர்ந்து இறங்கப் பார்த்தாள், குரல் உடைந்தது. நாலாவது பாட்டில் மைக்கை வைத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

மேடைக்குப் பின்னால் வரதராஜுலு குதித்தார். "மானத்த வாங்கிட்டே. இனிமே கோரஸ் பாடுற செங்கமலம் பாடட்டும். மொத நாளே இப்படி, இந்தப் பொட்டிக்கும் ராசியில்ல, தூக்கிக்கினு போ சிவசங்கரு. தாவீது, நீயே வாசி."

கேட்டது கிடைத்துவிட்டது. பேசாமல் இருந்தால் போதும். "நான் தப்பா பாடல" என்று ஜெயம் யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

தாவீதுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. "அவ தப்பில்லண்ணே. பொட்டி சூடேற அரை மணி ஆவும். அதுக்குள்ள சுதி எறங்கிடும்."

சிவசங்கர் சிரித்தான். "அவ்ளோதானா? அரை மணி முன்னாடியே போட்டுட்டா போச்சு."

"அப்ப பொட்டி இருக்கட்டும்" என்றார் வரதராஜுலு. "ஜெயம், நீயும் இரு. தாவீது விஷயம் நீயே சொல்லு, நீதானே இவனுக்கு வக்காலத்து."

ஜெயம் தாவீதைப் பார்த்தாள். "ஒனக்கு எப்பத்துலேந்து தெரியும்?"

"முன்னாடியே."

"பொட்டி தெரியாம பண்ணிச்சி" என்றாள். பிறகு வரதராஜுலு பக்கம் திரும்பினாள். "இவன் வேணாண்ணே."