தனிக் கேன்

"பால்ல தண்ணி கலந்தது யாரு? நீயா?"

பால் சங்கத்துச் செயலாளர் திருமுருகன் காலனிக்குள் வந்தாலே ஏதோ வில்லங்கம்தான். ஜான்சியின் வாசலுக்கு நாலடி தள்ளியே நின்று, அடுப்பில் கொதித்த மாட்டுக்கறி வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

உப்பளத்துக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தவள் தூக்கை வைத்துவிட்டு எழுந்தாள். "சத்தியமா இல்லீங்க. யாரு சொன்னது?"

"பால் வண்டிக்காரன் கருவி போட்டுப் பாத்துட்டான். வந்து பதில் சொல்லு. இல்லன்னா காலனி நாலு வீட்டுப் பேரையும் இன்னியோட அடிச்சிடுவேன்."

மற்ற மூன்று வீட்டாரும் விடியும் முன்பே உப்பு வாரப் போய்விட்டார்கள். பேர் போனால் பாலை எங்கே கொண்டுபோய் ஊற்றுவது? மகள் லிடியாவின் நர்சிங் படிப்பே அந்தப் பாலில்தான் ஓடுகிறது. ஜான்சி அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள்.

சங்கத்து வாசலில் ஊரே கூடியிருந்தது. ஊர்த் தெருப் பொன்னம்மாளின் குரல்தான் ஓங்கி ஒலித்தது. "மாட்டைத் திங்கிறவ பால்ல மட்டும் நேர்மையா இருப்பாளாக்கும்!"

ஜான்சிக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. மேய்ச்சல் தரையெல்லாம் இறால் குட்டையாகி, கிணறுகள் கரிக்கத் தொடங்கி ரெண்டு வருஷம். எல்லா வீட்டிலும் கறவை பாதியாகிவிட்டது. அவள் ஏரித் தண்ணீரைத் தலையில் சுமந்து வந்து மாட்டுக்குக் காட்டியும் பால் குறைந்தது; குறைந்ததைத்தான் ஊற்றினாள். ஊர்த் தெருவிலிருந்து வரும் பால் மட்டும் ஒரு சொட்டும் குறையவில்லை. எப்படி?

"எந்தக் கேன்லங்க தண்ணி?" என்று வண்டிக்காரனைக் கேட்டாள்.

அவன் பெரிய கேனைக் காட்டினான்.

"அதுல எங்க பாலே இல்லீங்களே."

மாட்டுக்கறி தின்கிற வீட்டுப் பால் கலந்தால் தீட்டு என்று, சங்கம் தொடங்கிய நாளிலேயே காலனிக்குத் தனிக் கேன் வைத்தவர்கள் ஊர்த் தெருக்காரர்கள்தான். சென்னைக்குப் போகும் டேங்கரில் எல்லாம் ஒன்றாகத்தான் கொட்டப்படும்; அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

வண்டிக்காரன் மூலையிலிருந்த அந்தத் தனிக் கேனையும் சோதித்தான். "இது நல்ல பாலு. இதை ஏத்திக்கிறேன். பெரிய கேன் வேணாம்."

பொன்னம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. திருமுருகன் ஜான்சி பக்கத்தில் வந்து நின்றார். இப்போது மூக்கைப் பொத்தவில்லை.

"ஏம்மா, இன்னிக்கு ஒரு நாளு ரெண்டையும் கலந்துக்கலாமே. கருவில அளவு சரியாயிடும். எல்லாம் ஒரே ஊரு ஜனம்தானே?"

சொல்லிக்கொண்டே காலனிக் கேனின் மூடியில் கை வைத்தார். இத்தனை வருஷத்தில் அவர் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

ஜான்சி அந்தக் கையை மெல்ல விலக்கினாள். மூடியை இறுக்கி, கேனைத் தூக்கித் தானே வண்டியில் ஏற்றினாள்.

"வேணாங்கய்யா. கலந்தா உங்க பாலு தீட்டாயிடும்."