தீர்ந்துபோன புத்தகம்

மேஜையில் பாதி நிமாய்க்கு, பாதி கேயாவுக்கு. கல்கத்தா புத்தகக் கண்காட்சியில், சொந்தக் காசில் புத்தகம் போட்டவர்கள் உட்காரும் பந்தலில் இடம் குலுக்கலில்தான் கிடைக்கும். குலுக்கலில் நிமாய் பக்கத்தில் வந்து விழுந்தவள் அவன் மில்லிலேயே வேலைசெய்கிறவள். சணல் மில்லில் அவன் தறி ஓட்டுகிறான், அவள் சாக்குத் தைக்கிறாள்.

நிமாய் தன் நாவலைத் தாடி நரைக்கிறவரை திருத்தித் திருத்தி எழுதினான். அச்சானதும் பத்திரிகை ஆசிரியர்கள், விமர்சகர்கள் வீட்டுக்கெல்லாம் போய், கையெழுத்துப் போட்டு இனாமாகக் கொடுத்தான். ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. கேயா யாருக்கும் ஓசியில் கொடுக்கவில்லை. வாரம் ஒரு கதையைத் தன் குரலிலேயே போனில் வாசித்து வாட்ஸாப்பில் விட்டாள். சாக்குத் தைக்கிற பெண்கள் கேட்டார்கள், அவர்களுடைய நாத்தனார்கள் கேட்டார்கள், நாத்தனார் வேலைசெய்கிற வீட்டுக்காரிகளும் கேட்டார்கள். அவள் புத்தகம் போட்டபோது வாங்க ஆள் தயாராக இருந்தது.

இது நிமாய்க்குத் தெரியும். தெரிந்ததால் எரிச்சல் குறைந்துவிடுமா? வருகிறவர்கள் கைப்பையை அவன் புத்தகக் கட்டின் மேல் வைத்துவிட்டு, அவள் புத்தகத்துக்குச் சில்லறை தேடினார்கள்.

"என்ன நிமாய், மேஜை காத்துல பறக்காம இருக்கத்தான் உன் புத்தகத்தை வெச்சிருக்கியா?" என்றான் எதிர் மேஜைக் கவிஞன் படுக்.

"உன் கவிதையை வெச்சா மேஜையே எந்திரிச்சு ஓடிடும், போடா."

சொல்லிவிட்டு நிமாய் சிரித்தான். ஆனால் உள்ளே ஏதோ அறுத்துக்கொண்டே இருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் கேயா சாப்பிடப் போனாள். "நிமாய்ண்ணே, என் கடையையும் கொஞ்சம் பாத்துக்குங்க."

அவள் தலை மறைந்ததும் அவன் கை தானாகப் போனது. அவளுடைய புத்தகங்களை வாரி மேஜைக்கடியில் கிடந்த சாக்கில் தள்ளி, மேஜைத் துணியை இழுத்து மூடினான். ஒரு மணி நேரமாவது அந்தப் பக்கம் மொட்டையாகக் கிடக்கட்டும். அப்போதாவது கண் இந்தப் பக்கம் திரும்பாதா?

கண்ணாடி போட்ட காலேஜ் பெண் ஒருத்தி வந்தாள். "கேயா அக்கா புக் இருக்குங்களா?"

"தீந்துபோச்சும்மா."

"ரெண்டாம் நாளேவா!"

"அதான் சொல்றேன்ல. இதைப் பாரு, நாவல்."

அவள் நாவலைப் பார்க்கவில்லை. காலி மேஜையைப் போனில் படமெடுத்துக்கொண்டு போனாள். கேயா திரும்புவதற்குள் நிமாய் எல்லாவற்றையும் பழையபடி அடுக்கி வைத்தான். வயிறு குளிர்ந்திருந்தது.

மறுநாள் காலையில் பந்தலுக்கு வெளியே வரிசை நின்றது. அந்தப் பெண் காலி மேஜைப் படத்தை வாட்ஸாப்பில் போட்டு, "கேயா அக்கா புத்தகம் இரண்டாம் நாளே காலி" என்று எழுதியிருக்கிறாள். இந்த ஊர்க்காரர்கள் குவிந்து கிடக்கிற புத்தகத்தைத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். தீர்ந்துபோச்சு என்று கேள்விப்பட்டால் சோறு இறங்காது அவர்களுக்கு.

"யாருண்ணே தீந்துபோச்சுன்னு சொன்னது? அந்தப் புண்ணியவான் வாய்க்குச் சக்கரை போடணும்!" கேயா கையெழுத்துப் போட்டபடியே கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்?" என்றான் நிமாய்.

அவன் கையாலேயே அவளுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுத்திருக்கிறான். இதை நினைக்க நினைக்க எச்சில் கசந்தது. அவளுக்குப் பலித்தது எனக்குப் பலிக்காதா? தன் கட்டுகளைச் சாக்கில் போட்டு மேஜைக்கடியில் தள்ளினான். ஒரு தாளில் 'முதல் பதிப்பு தீர்ந்தது' என்று பெரிதாக எழுதி ஒட்டினான்.

படுக் எழுந்தே வந்துவிட்டான். "யாருய்யா வாங்கினது? நான் இங்கதானே உக்காந்திருக்கேன்?"

"லைப்ரரிக்காரர் ஒருத்தர் விடிஞ்சதும் வந்து மொத்தமா எடுத்துட்டார்."

வரிசையில் நின்றவர்கள் தாளைப் படித்தார்கள், முன்னே நகர்ந்தார்கள்.

சாயங்காலம் ஒல்லியான ஆள் ஒருத்தர் வந்தார். வரிசையில் சேரவில்லை. நேரே நிமாயிடம் வந்தார்.

"நிமாய் தொலுய் நீங்கதானா? ஒரு சின்னப் பத்திரிகையில உங்க நாவல்ல ஒரு அத்தியாயம் படிச்சேன். தறிச் சத்தத்துல ஒருத்தனுக்குக் காது போயிடும். பொண்டாட்டி அழறதைப் பாத்துட்டு, சிரிக்கிறாள்னு நினைச்சு அவனும் சிரிப்பான். எங்கப்பாவும் தறிக்காரர்தாங்க. ராணாகாட்டுல இருந்து இதுக்குன்னே ரயிலேறி வந்தேன்."

நிமாய் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். அதற்குள் அவர் தாளைப் பார்த்துவிட்டார்.

"தீந்துபோச்சா?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. எதிரே படுக் பல்லைக் காட்டிக்கொண்டு காத்திருந்தான்.

"தீந்துபோச்சுங்க," என்றான் நிமாய்.

"போகட்டும். வித்துப்போச்சுன்னா சந்தோஷம்தான்." அவர் முகம் தொங்கிப்போனது. வந்ததற்கு எதையாவது வாங்கணுமே என்று கேயாவின் வரிசையில் போய் நின்றார்.

அவர் முறை வந்தது. கேயா பேர் கேட்டாள், கையெழுத்துப் போட்டாள், ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். அத்தனை பேர் அவளிடம் போனதைப் பொறுத்திருந்தான் நிமாய். இந்த ஒரு ஆள் போனதைப் பொறுக்க முடியவில்லை. இவர் என் ஆள். எனக்கென்று ரயிலேறி வந்தவர்.

அவர் பந்தலைத் தாண்டுகிறபோது நிமாய் மேஜைக்கடியில் புகுந்து சாக்கைப் பிரித்தான். புத்தகங்கள் சரிந்து வரிசையின் காலடியில் பரவின. ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு ஓடினான்.

"அடேய், லைப்ரரி திருப்பி அனுப்பிடுச்சா?" படுக்கின் குரல் பின்னால் வந்தது. கேயா பேனாவை நிறுத்திவிட்டு அந்தச் சாக்கையே பார்த்தாள்.

மீன் வறுவல் கடைப் பக்கம் ஆளைப் பிடித்தான். "சாக்கு நிறைய இருக்குங்க. பொய் சொன்னேன்."

"எதுக்குங்க?"

நிமாய்க்கு மூச்சு வாங்கியது. புத்தகத்தை நீட்டினான். அவர் அதற்குமேல் கேட்காமல் காசை எடுத்தார். "கையெழுத்துப் போட்டுக் குடுங்க." கேயாவின் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கப் போனார்.

"அதுல கேயா என்ன எழுதியிருக்கா?"

விரித்துக் காட்டினார். பெயர், அன்புடன், கையெழுத்து. இரண்டே வரி.

நிமாய் தன் புத்தகத்தை விளக்குக் கம்பத்தில் சாய்த்துப் பிடித்து எழுத ஆரம்பித்தான். அவருடைய அப்பாவின் பேரைக் கேட்டு அதையும் எழுதினான். பக்கம் நிறைந்து, அடுத்த பக்கத்துக்குப் போனான்.

"போதுங்க, ரயிலுக்கு நேரமாச்சு."

"இருங்க," என்றான் நிமாய், எழுதிக்கொண்டே.