நகர்ந்த புள்ளி

நெடுஞ்செழியன் இரண்டு வருஷம் தேடியும் கிடைக்காத சிறுகோள், அவன் மனைவி செம்மொழிக்குப் பதினோரே நாளில் கிடைத்துவிட்டது.

அவன் திருத்துறைப்பூண்டியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். எங்கோ வெளிநாட்டில் இருக்கும் தொலைநோக்கி, வானத்தின் ஒரே இடத்தைச் சில நிமிஷ இடைவெளியில் நாலு படம் எடுக்கும். அவற்றை மாற்றி மாற்றிப் பார்த்தால் நட்சத்திரங்கள் அசையாமல் நிற்கும். ஒரு புள்ளி மட்டும் நகர்ந்தால் அது சிறுகோளாக இருக்கலாம். இணையத்தில் பதிவு செய்துகொண்ட யாரும் தேடலாம். பதிவு செய்தவன் அவன்தான். ஐப்பசியில் காய்ச்சல் வந்து அவன் படுத்துவிட, "படம் வந்து குவியுதே, நான் பாக்கட்டுமாங்க?" என்று கேட்டாள் செம்மொழி. அவளுக்கு விதைப்பண்ணைகளைப் பார்வையிடும் அரசாங்க வேலை. நெல் வயலில் வேற்று ரகப் பயிர் ஒன்று கலந்திருந்தாலும் வரப்பில் நின்றபடியே கைகாட்டிவிடுவாள். அந்தக் கண்ணுக்குப் புள்ளி தப்பவில்லை.

பத்திரிகையில் அவள் படம் வந்தது. மறுநாள் டீக்கடையில் யாரோ அவனைக் காட்டி, "செம்மொழி மேடத்தோட வீட்டுக்காரர்" என்றார்கள். அவனுக்கு டீ இறங்கவில்லை.

அறிவியல் தினத்துக்கு அவளைத்தான் பேச அழைத்தார் தலைமையாசிரியை. அதுவும் அவன் வேலை பார்க்கிற பள்ளியிலேயே. பேனர் கட்டியது, மைக் வைத்தது எல்லாம் அவன். "எங்க சார்தான் இதை ஆரம்பிச்சு வச்சாங்க" என்று சொல்லித்தான் அவள் பேச்சைத் தொடங்கினாள். கூட்டம் மரியாதைக்குக் கை தட்டியது. நாற்காலி தூக்கிப் போட்டவனுக்கும் இப்படித்தான் தட்டுவார்கள் என்று அவனுக்குப் பட்டது.

மகளோடு வந்திருந்த வைரக்கண்ணு என்ற விவசாயி எழுந்தார். "அந்தக் கல்லு நம்ம தலையில வந்து விழுமாம்மா?"

"விழாதுங்கண்ணே. அது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சுத்துது. நம்ம பக்கமே வராது."

"உங்க பேரு வைப்பாங்களா?"

"இப்ப இல்லைங்க. அது போற பாதைய உறுதிப்படுத்தவே பல வருஷம் ஆகும். பேரெல்லாம் அப்புறம்தான்."

எல்லாம் அவன் சொல்லிக் கொடுத்தது. ஒவ்வொரு பதிலுக்கும் சபை சிரித்தது, தட்டியது. எங்காவது ஒரு இடத்தில் இவள் தடுமாற மாட்டாளா என்று அவன் மனம் காத்துக்கொண்டிருந்தது.

பிளஸ் ஒன் ரோஹிணி எழுந்தாள். "மேடம், சூரியன் எல்லாத்தையும் இழுக்குதுன்னா, கோளெல்லாம் ஏன் அதுக்குள்ள போய் விழலை?"

செம்மொழி வாயைத் திறந்தாள். நிறுத்தினாள். மேடையோரம் நின்றிருந்த அவனைப் பார்த்தாள். வருஷா வருஷம் அவன் வகுப்பில் நடத்துகிற பாடம் அது. அவன் குனிந்து மைக் ஒயரைச் சரிசெய்ய ஆரம்பித்தான்.

"தெரியலைம்மா. தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்" என்றாள்.

அவன் நெஞ்சு குளிர்ந்தது. ஒரே நொடிதான். "தெரியலைன்னு சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்!" என்று தலைமையாசிரியை எழுந்து நின்று கை தட்ட, மொத்தக் கூட்டமும் சேர்ந்துகொண்டது.

மதியம் மோட்டார் சைக்கிளில் திரும்பினார்கள். இருபுறமும் அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து பச்சையாகக் கிடந்தது. வாய்க்கால் பாலத்தருகே அவள் கேட்டாள்.

"பதில் உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

பொய் சொல்ல நினைத்தான். வரவில்லை. "நீ திணறணும்னு இருந்துச்சு. பேப்பர்ல படம் வந்த நாள்லேருந்தே அப்படித்தான்."

"வண்டிய நிறுத்துங்க" என்றாள். இறங்கினாள். பின்னால் வந்த மினி பஸ்ஸை மறித்து ஏறிப் போய்விட்டாள்.

அவன் வீடு சேர்ந்தபோது அவள் முகம் கழுவி உட்கார்ந்திருந்தாள். "இப்பச் சொல்லுங்க."

"கோள் விழுந்துக்கிட்டேதான் இருக்கு. ஆனா பக்கவாட்டுல ஓடுற வேகமும் அதுக்கு இருக்கு. அதனால ஒவ்வொரு நொடியும் சூரியனைத் தவற விட்டுட்டு வளைஞ்சு போகுது. அந்த வளைவுதான் பாதை."

"நல்லாத்தான் சொல்றீங்க. அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. இன்னிக்கு ஏன் சொல்லலைங்கிறதையும் சேத்துச் சொல்லுங்க."

மூன்று நாள் அவளிடமிருந்து வேறு பேச்சே இல்லை. நாலாம் நாள் வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினான். ரோஹிணி கேட்டாள்: "சார், அன்னிக்கு நீங்க அங்கதானே நின்னீங்க?"

"நின்னேன். மேடத்துக்குக் கிடைச்ச பேரைப் பாத்து எனக்குப் பொறாமை. அதான் வாயைத் திறக்கலை."

அவன் காது மடல் எரிந்தது.

சாயங்காலம் செம்மொழியிடம் சொன்னான்.

"அவ என்ன சொன்னா?"

"அப்ப நிலா ஏன் நம்ம மேல விழலைன்னு கேட்டா."

செம்மொழி சிரித்துவிட்டாள். பிறகு, "திருவாரூர்ல ஒரு காலேஜ்லேருந்து என்னைப் பேசக் கூப்பிட்டிருக்காங்க" என்றாள்.

மறுபடியும் அதே பொறாமை சுருக்கென்றது. அவன் அதை மறைக்கவில்லை, அவளும் பார்த்தாள்.

"எந்தத் தேதி? லீவு சொல்லணும், கூட வர்றேன்" என்றான்.