வில்லைத் தூக்காத சார்லஸ்

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. நாங்கள் நாலு பேரும் கடலூரில் ஏழு வருஷம் சேர்ந்து வாசித்தோம். நடுவில் கைதட்டல் விழாமல் ஒரு கச்சேரியாவது முடிந்ததுண்டா? கிடையவே கிடையாது. மேல்நாட்டு இசையில் ஒரே உருப்படிக்கு நாலு பாகம் இருக்கும். ஒரு பாகம் முடிந்ததும் வில்லை இறக்கிச் சற்று மூச்சு வாங்குவோம். அந்த மௌனமும் சங்கீதம்தான். நம் ஆட்கள் சரியாக அங்கே பார்த்துப் படபடவென்று தட்டிவிடுவார்கள். மஞ்சக்குப்பத்தில் ஒரு தடவை பொறுக்க முடியாமல், "இங்க என்ன காக்கா ஓட்டுறீங்களா?" என்று மேடையிலிருந்தே கத்திவிட்டேன். அதற்கும் தட்டினார்கள்.

நான் ரேகா, இரண்டாவது வயலின். முதல் வயலின் வெண்மதி. என் வீட்டுக்காரர் ராஜவேல் வயோலா. வயலினுக்கு அண்ணன், செல்லோவுக்குத் தம்பி என்று நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிற அந்த வாத்தியம் அவருக்கென்றே செய்தது. தரையில் ஊன்றி வாசிக்கிற பெரிய செல்லோவுக்குச் சார்லஸ். சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்துகிறான்.

2011 தை மாதம் வெண்மதிக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. அவள் இடத்தில் வேறு ஆளை உட்காரவைக்க எங்கள் யாருக்கும் மனசில்லை. கடைசிக் கச்சேரியைச் சிதம்பரத்தில், கீழ வீதிக் கல்யாண மண்டபத்தில் வைத்துக்கொண்டோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் உருப்படி. தேய்ந்து தேய்ந்து அடங்குகிற முடிவு. வெண்மதி போவதற்குள் இந்த ஒரு தடவையாவது அதை இடையில் சத்தமே விழாமல் முழுசாக வாசித்துவிட வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

"கவலைய வுடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றான் சார்லஸ்.

மேடையில் மைக்கைப் பிடித்துச் சொன்னான்: "நடுநடுவுல நிப்பாட்டுவோம். முடிஞ்சிடிச்சின்னு நெனச்சித் தட்டிடாதீங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் இந்த வில்ல மேல தூக்குவேன், அப்ப தட்டுங்க. அதுக்கு முன்னாடி தட்டுனா ரேகாக்கா எறங்கி வந்து ஒதைப்பாங்க."

ஆரம்பித்தோம். முன்வரிசையில் சபா செயலாளர் மணவாளன் தொடையில் தாளம் போட்டார். பிடிபடவில்லை. விட்டுப் பிடித்தார், மறுபடியும் விட்டார். கடைசியில் தோற்றுப்போய்க் கையைக் கட்டிக்கொண்டார்.

முதல் பாகம் முடிந்தது. ஒரு சத்தமில்லை! இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது முடிந்ததும் ஒருவர் பழக்கதோஷத்தில் தட்டக் கையை எடுக்க, பக்கத்திலிருந்த அம்மாள் அதைப் பிடித்து மடியில் அமுக்கினார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

கடைசிச் சுரம் தேய்ந்து நின்றது. அப்பாடா, என்ன அமைதி! ஏழு வருஷமாக நான் ஏங்கிக் கிடந்தது இதற்குத்தான்.

ஆனால் சார்லஸ் வில்லைத் தூக்கவில்லை. வில் தந்தியிலேயே கிடந்தது. மண்டபம் மொத்தமும் அந்த வில்லையே பார்த்துக்கொண்டு, சொன்ன சொல் மாறாமல் உட்கார்ந்திருந்தது. யாரும் இருமக்கூட இல்லை.

"டேய், தூக்குடா" என்றேன் மெதுவாக.

"தூக்குனா முடிஞ்சிடும்க்கா."

வெண்மதி தலை குனிந்திருந்தாள். அவள் வயலின்மேல் சொட்டுச் சொட்டாகக் கண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ராஜவேல் வழக்கம்போல முழித்தார். எனக்குத் தாங்கவில்லை. வயலினை மடியில் போட்டுவிட்டு, படபடவென்று நானே கை தட்டினேன்.

மண்டபம் திகைத்தது. "என்னா மேடம், இன்னும் வில்லத் தூக்கலியே! நீங்களே தட்டுறீங்க?" என்றார் மணவாளன். குபீரென்று சிரிப்பு கிளம்பியது. அதற்கப்புறம் விழுந்த கைதட்டல் தேரடி வரைக்கும் கேட்டிருக்கும். வெண்மதி அழுதுகொண்டே சிரித்தாள்.

தட்டி ஓய்ந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "மங்களம் வாசிங்க, கெளம்பறோம்" என்றார் மணவாளன். அது இல்லாமல் கச்சேரி முடிந்ததாக அங்கே யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் சார்லஸைப் பார்த்தேன். அவன் வில்லைத் தூக்காமலேயே பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"மங்களம் இன்னைக்கிக் கெடையாது சார். வெண்மதி லீவுல வரும்போது வாசிக்கறோம். அதுவரைக்கும் கச்சேரி நடந்துகிட்டுதான் இருக்கு" என்றேன் நான்.

"நல்லாருக்கே! அப்ப நாங்கல்லாம் எப்ப வூட்டுக்குப் போறது?" என்றார் மணவாளன்.