ஃப்ரீசருக்குள் போன மருந்து

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகும் குட்டி யாரோடும் பேசவில்லை. சொந்த அத்தையே திருட்டுப் பட்டம் கட்டிவிட்ட பதிமூன்று வயதுப் பெண் வேறென்ன செய்வாள்?

"ஒளிஞ்சு ஒளிஞ்சு சாக்லேட் தின்னிருப்பா. இல்லேன்னா ஊசி போட்டும் சர்க்கரை இப்படி ஏறுமா?" ஐசியூ வாசலிலேயே அந்த அத்தை, அம்மாவின் நாத்தனார், தீர்ப்புச் சொல்லிவிட்டாள். குட்டியின் அப்பாவும் அக்கா பேச்சுக்குத் தலையாட்டினார்.

டாக்டர் மட்டும், "இன்சுலின் எப்பவாவது உறைஞ்சுபோச்சா? உறைஞ்சா அது வேலைக்கு ஆகாது" என்று கேட்டார். குட்டியின் அம்மா இல்லவே இல்லை என்றாள். பக்கத்தில் நின்ற நாத்தனார் வாயே திறக்கவில்லை.

கடைசியில் நாத்தனாரின் மகள்தான் குட்டியின் அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னாள். "என்னைப் பொண்ணு பார்க்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இங்க வந்த அன்னிக்கு, சர்க்கரை வியாதிக் குடும்பம்னு நினைச்சுடுவாங்களோன்னு, அம்மா புது மருந்துப் பெட்டியை ஃப்ரீசருக்குள்ள தள்ளிட்டாங்க மாமி. மறுநாள் பழைய இடத்துலயே வச்சுட்டாங்க."

குட்டியின் அம்மா கத்தவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க வரும்வரை காத்திருந்தாள். தன் வீட்டுக் கூடத்திலேயே அவர்களை உட்காரவைத்து, காபி கொடுத்து, நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, எங்க குட்டி எப்படி ஐசியூ வரைக்கும் போனான்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"ஏய், இது என்ன நேரம்..." என்று கணவர் எழுந்தார்.

"நீங்க உட்காருங்க. அன்னிக்குத் தலையாட்டினீங்களே, அது போதும்."

நாத்தனார் மென்று விழுங்கிச் சொல்லி முடித்தாள். மாப்பிள்ளையின் அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"வியாதியா பெருசு? உண்மை தெரிஞ்சும் ஒரு குழந்தைமேல பழியைப் போட்டுட்டு நின்னீங்களே! நாளைக்கு எங்க வீட்டுல ஒருத்தர் படுத்தா என்ன பண்ணுவீங்க?"

அவர்கள் கிளம்பிப் போனார்கள். மணப்பெண் முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"என் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே, இப்ப திருப்தியா?"

"இன்னும் இல்ல அண்ணி. உள்ளே போய், நீ திருடலைன்னு அவகிட்ட சொல்லுங்க. அப்புறம் நீங்க கிளம்ப வண்டிக்குச் சொல்றேன்."

நாத்தனார் குட்டியின் அறை வாசலுக்குப் போனாள்.

"குட்டி... நீ எதுவும் திருடித் தின்னலம்மா. எல்லாம் என்னாலதான்."

குட்டி வயிற்றில் ஊசியை அழுத்திப் பிடித்திருந்தாள். மருந்து முழுக்க இறங்கும்வரை நிமிரவில்லை.

"சரி அத்தை. கதவைச் சாத்திட்டுப் போங்க."