துகேலாவின் தென்கரை

"எழுந்திரு லுங்கெலோ, வீட்டுக்குப் போலாம். அப்பா வந்திருக்கேன்."

இரண்டாம் முறையாக இதைச் சொன்னபோது எல்ஃபஸ் பியெலாவுக்குத் தன் குரலே பிடிக்கவில்லை. மாடுகளை அதட்டிப் பழகிய குரல். கொஞ்சம் தணித்துக்கொண்டு, குலப்பெயரையும் சேர்த்து, "மென்சிவா, எழுந்திருப்பா" என்றார். குனிந்து, கையிலிருந்த காட்டிலந்தைக் கிளையால் சாலையோரத்துப் புல்லை மெல்லத் தடவினார். புல்லுக்குள் கண்ணாடித் தூள் இன்னும் கிடந்தது. கிளையின் வளைந்த முள் ஒன்று புல்லில் மாட்டி, பிறகு விடுபட்டது. வாழைத் தோட்டத்துக்குக் கீழே கடல் தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.

இடத்தைக் காட்டியவன் வாண்டிலே. அவனைத் தவிர வேறு யாராலும் காட்டியிருக்க முடியாது. நண்பர்கள் நான்கு பேர் கடற்கரைச் சாலையில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, விடியற்காலையில் திரும்பியபோது கார் இங்கேதான் சாலையை விட்டு இறங்கி உருண்டது; ஓட்டியவன் அவன்தான். இரண்டு பேர் இன்னும் இங்கே ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். லுங்கெலோ போய்விட்டான். வாண்டிலேவுக்கு மணிக்கட்டில் ஒரு கட்டு மட்டும்.

ஊரில் அவன் வந்து முன்னால் மண்டியிட்டபோது எல்ஃபஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "என் புள்ள உன் கையில இருக்கும்போது உனக்கு எப்பிட்றா தூக்கம் வந்துச்சு?" அவன் வாய் திறக்கவில்லை. அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். இன்று அவனை வேனில் ஏற்றிக்கொண்டதுகூட வேறு வழியில்லாமல்தான்.

கிளையை மார்போடு அணைத்துக்கொண்டு எல்ஃபஸ் வேனில் ஏறினார். வாண்டிலே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்ததும், அவர் பக்கத்து இருக்கையில் யாருமே இல்லாத இடத்தின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினான். பிறகு பின் இருக்கைக்குப் போய் ஒடுங்கிக்கொண்டான். ஓட்டுவது போங்கா, எல்ஃபஸின் மச்சான் மகன், டாக்சி வேன் ஓட்டுகிறவன்.

"கெளம்பலாமா மாமா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயோ, பேசக் கூடாதுல்ல."

வெளியூரில் செத்தவனின் உயிரை, செத்த இடத்திலிருந்து இப்படி ஒரு கிளையில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கூட்டிவருவார்கள். கிளையைக் கையில் எடுத்தவர் வீடு சேரும்வரை இறந்தவனோடு மட்டும்தான் பேச வேண்டும். பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது. வழி திரும்பினால் திரும்புகிறோம் என்றும், ஆறு வந்தால் ஆறு வருகிறது என்றும் அவனுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஆற்றைத் தாண்டிவிட்டால் அவன் அக்கரையிலேயே நின்றுவிடுவான். சாயங்காலம் பிணவறையிலிருந்து பெட்டி வீட்டுக்கு வந்துவிடும். நாளைக் காலை அடக்கம். லுங்கெலோ வந்து சேராவிட்டால் ஊரே கூடி வெறும் பெட்டியைத்தான் புதைக்கும்.

"உம்சிம்குலு வருது. தாண்டப் போறோம்" என்றார் எல்ஃபஸ் கிளையிடம். அடுத்ததற்கு, "உம்கோமாஸ் வருது." அவ்வளவுதான். பேருந்து நடத்துநர்கூட இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருப்பார்.

உயிரோடு இருந்தபோதும் மகனோடு அவர் பேசியது இந்த லட்சணத்தில்தான். சர்க்கரை ஆலையில் லீவு சொல்லிவிட்டு லுங்கெலோ கடலுக்குக் கிளம்பிய அன்று, "உப்புத் தண்ணிய பாக்கறதுக்கா ஒருத்தன் இவ்ளோ தூரம் போவான்?" என்று முறைத்துவிட்டுத் தொழுவத்துக்குள் போய்விட்டார். கடல் நீர் பிடித்துவர அவன் அம்மா இரண்டு காலி பாட்டில் கொடுத்தனுப்பினாள். வாசலில் கார் நின்று ஹாரன் அடித்தது. "பாபா, போயிட்டு வரேன்!" என்று கத்தினான். எல்ஃபஸ் திரும்பவில்லை. கன்றுக்குட்டியின் காதில் உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தார். அந்த உண்ணி எங்கேயும் ஓடிப்போயிருக்காது. திரும்பிப் பார்த்திருக்கலாம்.

டர்பனை நெருங்கும்போது வலப்பக்கம் கடல் மொத்தமாக விரிந்து கிடந்தது. எதற்கென்று தெரியாமல் எல்ஃபஸ் பேச ஆரம்பித்தார்.

"கடல் தெரியுதுடா லுங்கெலோ. ஜன்னல் பக்கம் நான் உக்காந்துட்டேன், உனக்குத் தெரியுதோ என்னவோ." கிளையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். "கப்பல் ஒண்ணு நிக்குது. பெருசுதான். நான் நெனச்ச மாதிரி ஒண்ணும் இல்ல கடலு. நல்லாத்தான் இருக்கு."

முன்னால் போங்கா ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

உம்கேனியைச் சொன்னார். அதைத் தாண்டியதும் இருபுறமும் கரும்பு வந்தது. கன்றுக்குட்டி தேறிவிட்டதைச் சொன்னார். அம்மா சாப்பிடாமல் கிடப்பதைச் சொன்னார். "நீ வந்து சொன்னாத்தான் சாப்புடுவா" என்றார். உம்வோட்டியைச் சொன்னார். துக்கச் செய்தி வந்த நாளிலிருந்து அவர் சரியாகக் கண் மூடியதில்லை. வெயில் கண்ணாடி வழியாக மடியில் விழுந்தது. கரும்பு போய்க்கொண்டே இருந்தது.

விழித்தபோது வேன் ஓரமாக நின்றிருந்தது. கண்ணைத் திறப்பதற்கு முன் பேச்சு காதில் விழுந்தது.

"போன் வந்துச்சுன்னு நிறுத்திப் பாத்தா, மாமா தூங்கறார்டா" என்று போங்கா கிசுகிசுத்தான். "எப்பலேருந்துடா?"

"பாலத்துக்கு முன்னாடியே தல சாஞ்சுருச்சு. சத்தமா இருமுனேன், செருமுனேன். எழுந்துக்கல. அவரத் தொடக் கூடாதுல்ல. உன்னக் கூப்புடறதுக்குள்ள பாலம் ஏறிட்ட."

"அப்ப துகேலா ஆத்த..."

"சொல்லல."

எல்ஃபஸ் கண்ணைத் திறக்கத் துணியவில்லை. முள் உள்ளங்கையில் ஏறும்வரை கிளையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"சரி விடு" என்றான் போங்கா. "வாயத் தொறக்காத. அத்தை போன் மேல போன் போடறாங்க, பெட்டி வந்துரும்னு. தூங்குனது அவருக்கே தெரியாது. வேற யாருக்குத் தெரியப் போவுது?"

"லுங்கெலோவுக்குத் தெரியும்ல."

போன் மறுபடி ஒலித்தது. போங்கா அதை அணைத்தான்.

"அந்தக் கரையில நிக்கிறான்டா அவன். நம்ம வேன் போறதப் பாத்துக்கிட்டு நிக்கிறான். ஒரு தடவ அவன ரோட்டுல விட்டுட்டு வந்துட்டேன். இன்னொரு தடவ என்னால முடியாதுடா. வண்டியத் திருப்பு."

"மாமா எழுந்தா நான் என்னன்னு சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத. பாலத்துக்கு முன்னாடி நிறுத்து. அவராப் பாத்துக்கட்டும்." பிறகு வாண்டிலே இன்னும் தணிந்த குரலில் சொன்னான். "அவர எதுவும் கேக்காத, பாவம். தூக்கம் வர்றது நமக்குத் தெரியாதுடா. கண்ணத் தெறந்துதான் வெச்சிருக்கோம்னு நெனச்சுக்கிட்டிருப்போம். ரோடு அப்பிடியே போயிட்டிருக்கற மாதிரிதான் இருக்கும்."

எல்ஃபஸ் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் வந்திருந்தது. அவரிடம் சொல்லப்பட்டதல்ல. மூடிய இமைகளுக்குள்ளிருந்து கண்ணீர் வழிந்து தாடியில் இறங்கியது. துடைத்தால் விழித்திருப்பது தெரிந்துவிடும் என்று அப்படியே விட்டார். ஒரு கிளையை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருக்க வேண்டிய வேலை. ஸ்டியரிங்கூட இல்லை. அதைக்கூட அவரால் செய்ய முடியவில்லை.

வேன் திரும்பியது. மண்டினி பிரிவில் இறங்கி, சாலை மேம்பாலத்தின் அடியில் புகுந்து, மறுபடி தெற்கே ஏறியது. எல்ஃபஸ் கண் திறக்கவில்லை. சக்கரத்தின் சத்தம் பாலத்தின் மேல் மாறுவதைக் கேட்டார். அக்கரையில் இன்னொரு முறை திரும்பி வடக்கு நோக்கி வந்து, பாலத்துக்கு முன்னால் ஓரமாக வேன் நின்றது. போங்கா என்ஜினை அணைத்தான்.

இருவரும் காத்திருந்தார்கள். எல்ஃபஸ் கண்ணைத் திறந்தார். கீழே துகேலா பழுப்பு நிறத்தில், அகலமாக, அவசரமில்லாமல் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவர் கதவைத் தாமே திறந்து, கிளையோடு இறங்கி, கரைப்பக்கத்துப் புல்லில் நின்றார்.

"லுங்கெலோ. மென்சிவா." குனிந்து, கிளையால் புல்லைத் தடவினார். "அப்பா தூங்கிட்டேன்டா. உன்ன மடியில வெச்சுக்கிட்டுத் தூங்கிட்டேன். நீ இங்க தனியா நின்னுட்டிருந்தியா?"

காற்று புல்லைச் சாய்த்தது. லாரி ஒன்று பாலத்தை அதிரவைத்துப் போனது.

"உன் கூட்டாளி முழிச்சிக்கிட்டிருந்தான். அவன்தான் உன்னக் கூட்டிட்டுப் போகத் திருப்பிக் கொண்டாந்தான்." இதை அவர் சத்தமாகச் சொன்னார், வேனின் பின் இருக்கை வரை கேட்கும்படி. "அவன் மேல கோவப்படாத. நானும் படல. தூக்கம் யாரக் கேட்டுட்டு வருது."

வேனுக்குள் வாண்டிலே கட்டுப்போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். போங்கா தலையை ஸ்டியரிங் மேல் சாய்த்துக்கொண்டான்.

"வா. துகேலா வருது. தாண்டப் போறோம். இதுக்கப்புறம் நம்ம பக்கந்தான்."

அதன் பிறகு வீடு வரும்வரை எல்ஃபஸ் பேச்சை நிறுத்தவே இல்லை. ஆலைப் புகைபோக்கியைக் காட்டினார். கிங்கின்ட்லோவுவில் திரும்பும்போது திரும்புகிறோம் என்றார். மலை ஏறும்போது, அவன் சின்ன வயதில் பள்ளிக்குப் பயந்து இந்த வளைவில்தான் கரும்புக்குள் ஒளிந்துகொண்டான் என்பதை ஞாபகப்படுத்தினார். "அன்னிக்கு அடிச்சிருக்கக் கூடாது" என்றார். ஆயுளுக்கும் பேச வேண்டியதை அந்தப் பாதிப் பகலில் பேசினார். அவன் குறுக்கே ஒன்றும் பேசவில்லை. பேச மாட்டானா என்று ஏங்கினார்.

வாசலில் பெண்கள் தணிந்த குரலில் பாடிக்கொண்டிருந்தார்கள். லுங்கெலோவின் அம்மா மாந்துலி கம்பளியால் தோளைப் போர்த்தி, கதவருகே நின்றாள். உள்ளே சுவரோரம் பாய் விரித்திருப்பது தெரிந்தது. பெட்டி இன்னும் வந்திருக்கவில்லை.

"வந்துட்டோம் லுங்கெலோ. எறங்கு. அம்மா நிக்கறா பாரு."

எல்ஃபஸ் கிளையோடு இறங்கி நடந்தார். திரும்பிப் பார்க்கக் கூடாது. தொழுவத்தைத் தாண்டும்போது, பின்னால் பக்கத்து இருக்கையின் பெல்ட்டை யாரோ விடுவிக்கும் சத்தம் கேட்டது. அதன் பின் ஒன்றுமில்லை. வாண்டிலே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று பார்க்காமலே தெரிந்தது. கால் மரத்துப்போன ஒருவன் மெதுவாக இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நாலடி நடந்து போவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கழித்துத்தான், கதவு சாத்தும் சத்தம் கேட்டது.