கால் எட்டாத வண்டி

என் மருமகள் சுகந்தினியின் கலியாணம் ஒரு மோட்டார் சைக்கிளால் குழம்பியது என்று கொழும்பு வெள்ளவத்தையில் கதைக்கிறார்கள். வண்டியின் மேல் பழியைப் போடுவது இலகு. குழப்பியவர்கள் மாப்பிள்ளை வீட்டார். அதை எங்கள் ஒழுங்கை முழுவதும் தன் காதால் கேட்டது.

நான் ஓய்வுபெறும்வரை ஒரு காப்புறுதிக் கம்பனியில் விபத்து வாகனங்களை மதிப்பிடும் வேலை பார்த்தவன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் என் தங்கை அன்னபாக்கியத்தின் கணவர் இரத்மலானையில் கொல்லப்பட்டார். அன்றிலிருந்து அவளும் அவளுடைய ஒரே மகள் சுகந்தினியும் என் வீட்டில்தான். அந்தப் பிள்ளையின் கலியாணத்தைப் பேசி முடித்தவனும் நான்தான். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வைகாசியில் மாப்பிள்ளை வீட்டாரோடு எல்லாம் பேசித் தீர்த்தோம். வீடு, நகை, மாப்பிள்ளையின் தங்கைக்குக் கொடுக்கும் டொனேசன், எதிலும் நான் இழுபறிப்படவில்லை. பேசியபின் வாக்கு வாக்குத்தான்.

மாப்பிள்ளை கேதீஸ்வரன் வவுனியாவில் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தில் வேலை. எல்லைக் கிராமங்களுக்குப் போய்க் கிணறுகளைப் பார்த்து வருவது அவர் பொறுப்பு. ஆள் கட்டை. மெலிவு. பேச்சு மெதுவானது. தகப்பன் ஸ்ரீஸ்கந்தராசா ஓய்வுபெற்ற தபாலதிபர், வாய் திறப்பது குறைவு. அந்த வீட்டில் வாய் தாய் சரோஜினிதேவிக்குத்தான் இருந்தது.

கலியாணக் காட் அச்சடித்து, பாதிப் பேருக்குக் கொடுத்தும் விட்டோம். தாலிப் பொன்னுருக்குக்கு நாளும் வைத்தாயிற்று. அந்த நேரத்தில் சரோஜினிதேவி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணை, பிள்ளைக்கு அந்தக் காட்டு ரோட்டுகளிலை ஓட ஒரு ட்ரெயில் பைக் வேணுமாம். பெரிசா. யப்பானிலை இருந்து இறக்கிறாங்களாம். அதையும் நீங்கள் பார்த்துச் செய்தால் நல்லம்."

"இது பேச்சிலை வரயில்லையே" என்றேன்.

"வரயில்லைத்தான். ஆனால் ஆம்பிளை இல்லாத வீட்டிலை பெண் எடுக்கிறம் எண்டு எங்கட சனம் ஏற்கெனவே ஒரு மாதிரிக் கதைக்குது. ஒரு நல்ல சாமான் வாசலிலை நிண்டால் அதுகளின்ர வாயும் அடங்கும். இல்லாட்டில் பொடியன் யோசிப்பான் அண்ணை."

நான் அந்த வீட்டின் கூடத்தில், என் கதிரையில், அவருக்கு நேர் எதிரே இருந்துகொண்டிருந்தேன். ஆம்பிளை இல்லாத வீடு என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அன்னபாக்கியம் தலையைக் குனிந்தாள்.

"சரி. தம்பியே வந்து தெரிவு செய்யட்டும்" என்றேன்.

அன்றே இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று என் மனம் சொல்லிவிட்டது. ஆனால் காட் கொடுத்துவிட்டோம். நாங்கள் நிறுத்தினால் வாக்கு மாறிய குடும்பம் என்ற பெயர் எங்களுக்கு வரும். தகப்பன் இல்லாத பெண்ணை அந்தப் பெயரோடு வைத்துக்கொண்டு நான் எந்த வாசலில் போய் நிற்பது? நிறுத்துவதானால் அவர்கள் நிறுத்த வேண்டும். அதுவும் நாலு பேர் முன்னால்.

இரவுச் சாப்பாட்டின்போது சுகந்தினி பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, அவர் போனிலை கதைச்சவர். தனக்குச் சின்ன வண்டி காணுமாம். நூற்றிருபத்தைஞ்சு சீசி போதுமாம். பெரிசு கேட்கிறது மாமிதானாம்."

"அப்ப அதை அவர் தன்ர தாயிட்டைச் சொல்லட்டும்."

"அவர் நல்ல மனுசன் மாமா."

"நான் இல்லையெண்டு சொன்னனோ?"

அவள் சோற்றைப் பரிமாறிவிட்டுப் போனாள். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. அது எனக்குத் தெரியாததல்ல.

வண்டி பார்க்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். நிலாம் என்பவர் யப்பானிலிருந்து பழைய வண்டிகளை இறக்கித் திருத்தி விற்பவர். விபத்து வழக்குகளால் எனக்கு நெடுநாள் பழக்கம். மாப்பிள்ளை, தாய், தகப்பன் மூவரும் வந்தார்கள்.

"வாங்க சேர், வாங்க. கலியாண மாப்புள்ள யாரு? இவரா? மாஷா அல்லாஹ்" என்றார் நிலாம். "மூணு சாமான் ஈக்கி. மூணும் நல்ல கண்டிஷன். நான் சும்மா செல்லல்ல."

கேதீஸ்வரன் நேரே சின்ன வண்டியிடம்தான் போனார். காலைத் தூக்கிப் போட்டு இருந்தார். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிந்தன. வண்டியை இடமும் வலமும் சரித்துப் பார்த்தார். கிளச்சைப் பிடித்து விட்டார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு நிறுத்தியிருந்தால் இன்று அவர் என் வீட்டு மருமகன்.

நான் என் தொழிலின்படி கேள்விகளைக் கேட்டேன். வண்டிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் உடைந்த வண்டிகளிடம் படித்தது. ஒருவன் எப்படி ஓடுவான் என்று தெரியாமல் எந்த வண்டி அவனுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. சரியான ஆளுக்குப் பிழையான வண்டி கிடைத்த கதைகள்தான் என் மேசைக்கு வந்தவற்றில் பாதி.

"தம்பி, நீர் ஓடப் போறது தாரிலையோ மணலிலையோ?"

"மணல்தான் ஐயா. குளக்கட்டும் இருக்கு. மழைக்குச் சேறு."

"தனியவோ, ஆளை ஏத்தியோ?"

"தனிய. பின்னாலை தண்ணி பரிசோதிக்கிற பெட்டி மட்டும்."

"வேகமா ஓடுவீரோ?"

"இல்லை ஐயா. எனக்கு மெதுவா, அடிக்கடி நிண்டு நிண்டு போறதுதான் பழக்கம். கண்ணிவெடிப் பயம் வேற. பெற்றோலும் அந்தப் பக்கம் லேசிலை கிடையாது."

ஒவ்வொரு விடையும் சரியானது. ஒவ்வொரு விடையும் அவர் இருந்துகொண்டிருந்த அந்தச் சின்ன வண்டியைத்தான் காட்டியது. மெதுவாக ஓடுகிறவனுக்கு, அடிக்கடி நிற்கிறவனுக்கு, விழுந்தால் தானே தூக்கி நிமிர்த்த வேண்டியவனுக்குப் பாரம் குறைந்த, உயரம் குறைந்த வண்டி. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

"அப்ப எது?" என்று கேட்டேன்.

அவர் தாயைப் பார்த்தார்.

"இதென்ன இது, பாண்காரன்ர வண்டி மாதிரி" என்றார் சரோஜினிதேவி. "அங்காலை நிக்கிறதைப் பார் தம்பி. அதல்லோ வண்டி!"

அங்கால் நின்றது இருநூற்றைம்பது. சிவப்பும் வெள்ளையும். இருக்கை என் இடுப்புக்கு மேலே. முன்னால் இரட்டை விளக்கு, குதிரை மூக்கு மாதிரி நீட்டிய மட்காட்.

"உம்மா, அது தம்பிட உசரத்துக்கு மிச்சம் பெரிசு" என்றார் நிலாம். "வெள்ளக்காரன் பாலைவனத்துல ஓடுற சாமான் அது."

"என்ர பிள்ளையின்ர உயரத்தை நீர் அளக்க வேண்டாம்" என்றார் சரோஜினிதேவி.

நிலாம் என்னைப் பார்த்தார். நான் மாப்பிள்ளைக்கு வழிவிட்டு விலகி நின்றேன். கேதீஸ்வரன் பெரிய வண்டியில் ஏறினார். ஏற நிலாம் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு பக்கம் சரிந்தால் ஒரு காலின் பெருவிரல் தரையைத் தொட்டது, மற்றக் கால் காற்றில் தொங்கியது.

"எப்பிடித் தம்பி?" என்று கேட்டேன்.

"பழகினால் சரிவரும் ஐயா" என்றார். தாயின் பக்கம் திரும்பவேயில்லை, என் பக்கமும் திரும்பவில்லை. வண்டியின் பெற்றோல் தாங்கியைத்தான் பார்த்தார்.

தன் காலின் நீளத்தைத் தாயிடம் சொல்ல முடியாத ஆண்பிள்ளை. நாளைக்கு என் வீட்டுப் பெண் அழுதால் அதையும் இவர் தாயிடம் சொல்ல மாட்டார். நான் நிலாமிடம் பெரியதையே எழுதச் சொன்னேன்.

வண்டியை எங்கள் ஒழுங்கையில் வைத்து, எல்லோரும் பார்க்க, மாப்பிள்ளை கையில் கொடுக்க வேண்டும் என்றார் சரோஜினிதேவி. அதற்கும் ஓம் என்றேன். பொன்னுருக்குக்கு முந்திய ஞாயிறு காலை, அவர்களுடைய உறவுக்காரர் ஒரு வான் நிறைய வந்து இறங்கினார்கள். மாடிவீடுகளின் பல்கனிகளில் சனம். அன்னபாக்கியம் ஆரத்தித் தட்டோடு நின்றாள். வண்டிக்குப் பொட்டும் பூமாலையும்.

எங்கள் ஒழுங்கை காலி வீதியில் போய் முட்டும் இடத்தில் இராணுவத்தின் காவலரண், ஒரு சென்றிப் பொயின்ற், இருந்தது. மண்மூட்டையும் தார்ப்பீப்பாவும். மோட்டார் சைக்கிளில் வருகிறவன் பீப்பாவுக்கு முன்னால் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹெல்மெற்றைக் கழற்றி, இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த வருடங்களில் கொழும்பில் வண்டி எவ்வளவு வேகம் போகும் என்று கேட்பதில் அர்த்தமில்லை. எப்படி நிற்கும் என்றுதான் கேட்க வேண்டும். ஓடும்போது உயரம் ஒரு பொருட்டே அல்ல. நிற்பதற்குத்தான் கால் வேண்டும்.

"காலி வீதி வரைக்கும் போய் ஒரு சுத்துச் சுத்திக்கொண்டு வா தம்பி" என்றார் தாய். "எல்லாரும் பார்க்கட்டும்."

சுகந்தினி எனக்குப் பின்னால் வந்தாள்.

"மாமா, ஒழுங்கைக்குள்ளை மட்டும் ஓடச் சொல்லுங்கோ. சென்றியிலை அவராலை நிப்பாட்ட ஏலாது. கால் எட்டாது மாமா. கெஞ்சிக் கேட்கிறன்."

"வாசலிலை நிண்டு கெஞ்சாதை. சனம் பார்க்குது."

அவர் புறப்பட்டார். ஓடும்போது அழகாகத்தான் இருந்தது. பல்கனியில் யாரோ கைதட்டினார்கள். சரோஜினிதேவி தன் தமக்கையின் தோளை இடித்துக் காட்டினார்.

பீப்பாவுக்கு அருகே போனதும் சிப்பாய் கையை உயர்த்தினான். கேதீஸ்வரன் முன் பிறேக்கை ஒரேயடியாகப் பிடித்தார். வண்டி நின்றது. ஒரு கணம் அப்படியே நிமிர்ந்து நின்றது. வலது கால் தரையைத் தேடியது. தரை அங்கே இருக்கவில்லை. வண்டி அவரோடு சேர்ந்து பீப்பாவின் மேல் சாய்ந்தது. பீப்பா உருண்டது. அந்தச் சத்தத்துக்கு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து இன்னும் இரண்டு துவக்குகள் நீண்டன.

கேதீஸ்வரன் வண்டிக்குக் கீழே ஒரு காலை மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி கிடந்தார். பூமாலை எஞ்சினில் பட்டுக் கருகும் மணம் வந்தது. ஒரு சிப்பாய் பூமாலையைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான், சிரித்தான்.

"மல்லி, பொடி எகக் கன்ன திபுனா நே?"

சின்னது ஒன்று வாங்கியிருக்கலாமே என்று கேட்டான். மற்றவர்களும் சிரித்தார்கள். ஆனால் துவக்கு இறங்கவில்லை. அவரை இழுத்து எடுத்து, முழங்காலில் இருத்தி, அடையாள அட்டையைப் பார்த்தார்கள். வவுனியா விலாசம், சண்டை நடக்கிற பக்கம். சிரிப்பு நின்றது. வண்டி யாருடையது என்று கேட்டார்கள். வண்டியின் பத்திரங்கள் என் பெயரில், என் சட்டைப் பையில் இருந்தன. இன்னும் மாற்றிக் கொடுக்கவில்லை. ட்ரக் ஒன்றுக்கு வயர்லஸ்ஸில் சொன்னார்கள். அந்த ட்ரக்கில் ஏறினவர்கள் எங்கே இறங்கினார்கள் என்று எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் ஒவ்வொரு கதை தெரியும்.

சரோஜினிதேவி ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

"அண்ணை, போங்கோ! உங்களுக்குச் சிங்களம் தெரியும். உங்கட பேரிலைதானே வண்டி. போய்ச் சொல்லுங்கோ அண்ணை!"

நான் கையை விடுவித்துக்கொண்டேன்.

"நான் எந்த முறையிலை போறது? இது ஆம்பிளை இல்லாத வீடல்லோ?"

"ஐயோ, அதை விடுங்கோ! தெரியாமல் சொல்லிப்போட்டன்!"

"விடலாம். முதல் ஒண்டைச் சொல்லுங்கோ. பேசி முடிச்சபிறகு நீங்கள் வந்து கேட்ட வண்டி அது. உங்களுக்கு இந்தக் கலியாணம் வேணுமோ, வேண்டாமோ? எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கோ."

"இப்ப என்ன கேள்வி இது! ட்ரக் வரப்போகுது!"

"வரட்டும். நான் நிக்கிறன்."

ஸ்ரீஸ்கந்தராசா அன்றுதான் முதல் தடவையாக வாய் திறந்தார். "பாலசுந்தரம், உமக்கு மனம் இல்லையோ?" என்று என்னைக் கேட்டார். நான் அவர் மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சரோஜினிதேவி ஒழுங்கை நடுவில் குந்தியிருந்து தலையில் அடித்துக்கொண்டார். "வேண்டாம்! உங்கட கலியாணமும் வேண்டாம், உங்கட வண்டியும் வேண்டாம்! என்ர பிள்ளையை எடுத்துத் தாங்கோ!"

"எல்லாரும் கேட்டியளோ?" என்றேன். பல்கனிகளைப் பார்த்துக் கேட்டேன். பிறகு சால்வையைச் சரிசெய்துகொண்டு சென்றிப் பொயின்றுக்கு நடந்தேன்.

கோப்ரலிடம் பத்திரத்தையும் என் பழைய கம்பனி அட்டையையும் காட்டினேன். வண்டி என்னுடையது, பொடியன் ஓடிப் பார்த்தான், ஓடத் தெரியாதவன் என்று சிங்களத்தில் சொன்னேன். கோப்ரல் மறுபடியும் சிரித்தான். விட்டுவிட்டார்கள்.

கேதீஸ்வரன் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எலும்பு விலகியிருந்தது.

"ஐயா, நான் சின்னதைத்தான் விரும்பினனான்" என்றார்.

"தெரியும்" என்றேன். "கொட்டாஞ்சேனையிலையே தெரியும்."

சுகந்தினி தண்ணீர்ச் செம்போடு ஒழுங்கையில் பாதி தூரம் வந்துவிட்டாள். "உள்ளை போ" என்றேன். நின்றாள். அவரைப் பார்த்தாள். அவர் தன் தாயைப் பார்த்தார். அவள் திரும்பி உள்ளே போனாள்.

அடுத்த கிழமை ஸ்ரீஸ்கந்தராசா தனியாக வந்தார். பதற்றத்தில் சொன்னதைப் பெரிதாக எடுக்க வேண்டாம் என்றார். வண்டி ஒன்றும் வேண்டாம் என்றார். மகன் சாப்பிடுகிறானில்லை என்றார். வீதியில் நின்று சொன்னதை வீட்டுக்குள் வந்து திருப்பி எடுக்க முடியாது என்றேன். குசினிக் கதவின் பின்னால் சுகந்தினியின் வளையல் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

வாக்கு மாறியவர்கள் அவர்கள்தான் என்று இன்றுவரை எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் பெயரில் ஒரு தூசி இல்லை. அதற்குப் பிறகு வந்த சம்பந்தங்கள் சரிவராமல் போனது வேறு கதை. அதில் எங்கள் பக்கம் பிழை இல்லை.

சுகந்தினி இப்போது என்னோடு கதைப்பதில்லை. காலையிலும் பின்னேரத்திலும் தேத்தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைப்பாள். கோப்பையின் பிடி என் வலது கைப் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்துவிட்டு, நான் ஒரு வாய் குடிக்கும்வரை நின்றுவிட்டுத்தான் போவாள். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளை.